தொலைக்காட்சி உரிமை, அரசியல் சார்பு, நையாண்டி: வேலூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்து வாசகர் வட்டங்களிலும் கல்லூரிகளிலும் ஊடகம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன.

தமிழில் எந்தச் சேனல் யாருடையது?

வந்த வரிசையில் சொன்னால் கதை விளங்கும். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவியைத் தொடங்கியவர் கலாநிதி மாறன். அவருடைய தந்தை முரசொலி மாறன் திமுகவின் முன்னணித் தலைவர், மத்திய அமைச்சராக இருந்தவர், கருணாநிதியின் சகோதரி மகன். 1999-இல் அதிமுக சார்பில் ஜெயா டிவி வந்தது. 2006-இல் பாமகவின் மக்கள் தொலைக்காட்சி, 2007-இல் திமுக தலைமைக் குடும்பத்தின் கலைஞர் டிவி, 2010-இல் தேமுதிகவின் கேப்டன் டிவி என்று அடுத்தடுத்து வந்தன. காங்கிரஸ் தலைவர்களான தங்கபாலுவுக்கு மெகா டிவியும் வசந்தகுமாருக்கு வசந்த் டிவியும் இருந்தன. ஒரு கட்டத்தில், சொந்தச் சேனல் இல்லாத கட்சியைக் கட்சி என்றே மதிக்கமாட்டார்களோ என்று எண்ணும்படி ஆயிற்று.

கட்சி வரிசைக்கு அடுத்து வந்தது வணிகக் குழும வரிசை. 2011-இல் எஸ்.ஆர்.எம். கல்விக் குழுமத்திலிருந்து புதிய தலைமுறை, 2012-இல் தினத்தந்தி குழுமத்திலிருந்து தந்தி டிவி, 2014-இல் தாது மணல் தொழில் செய்த வி.வி. குழுமத்தினரின் நியூஸ் 7, 2016-இல் ரிலையன்ஸ் கைக்குள் இருந்த நெட்வொர்க் 18-இன் தமிழ்ச் செய்திச் சேனல் ஆகியவை வந்தன. 2024 நவம்பரில் டிஸ்னியும் ரிலையன்ஸும் இந்தியத் தொழிலை இணைத்தபோது விஜய் டிவியும் கலர்ஸ் தமிழும் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டன. அந்தக் கூரையில் பெரும்பங்கு ரிலையன்ஸுடையது. ஜீ தமிழ், சுபாஷ் சந்திரா நிறுவிய ஜீ குழுமத்தைச் சேர்ந்தது; அவர் 2016-இல் பாஜக ஆதரவுடன் ஹரியானாவிலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்வானார்.

இந்த இரண்டு வரிசைக்கும் நடுவே சுவர் ஒன்றுமில்லை. எஸ்.ஆர்.எம். நிறுவனர் பாரிவேந்தர் இந்திய ஜனநாயகக் கட்சியையும் நிறுவினார். 2014 தேர்தலில் பாஜக அணியில் நின்றார். 2019-இல் உதயசூரியன் சின்னத்தில் பெரம்பலூரில் வென்றார்.

கட்சிச் சேனலா, கார்ப்பரேட் சேனலா, எது மோசம்?

கட்சிச் சேனலின் சார்பு சட்டைப்பையில் குத்திய கொடி போல வெளியே தெரியும். ஜெயா டிவியைப் போடுகிறவர் எதைப் பார்க்கப்போகிறோம் என்று தெரிந்தேதான் போடுகிறார். ஜெயலலிதா இறந்து, கட்சி ஒருபக்கமும் சேனல் சசிகலா குடும்பத்தின் பக்கமும் போனபோது, அதிமுக 2018-இல் நியூஸ் ஜே என்று புதிதாக ஒன்றைத் தொடங்க வேண்டியிருந்தது. சேனலின் கொள்கை பங்குப் பத்திரம் யார் கையில் இருக்கிறதோ அவரோடு போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வணிகக் குழுமத்தின் சார்பு வேறு விதமானது. கல்லூரிக்கு அங்கீகாரமும், சுரங்கத்துக்கு உரிமமும், தொலைத்தொடர்புக்கு அலைக்கற்றையும் வேண்டியிருக்கிற எவரும் சென்னைக் கோட்டையையோ தில்லியையோ, சில நேரம் இரண்டையுமோ, பகைத்துக்கொள்ள விரும்பமாட்டார். அவர் எந்தக் கட்சியையும் புகழ வேண்டியதில்லை. சில கேள்விகளைக் கேட்காமல் இருந்தால் போதும். ஆட்சி மாறினால் கட்சிச் சேனல் எதிர்க்கட்சிச் சேனலாகிவிடும், வணிகச் சேனலோ தொனியை மட்டும் மாற்றிக்கொள்ளும். என் கணிப்பில், பார்வையாளரை அதிகம் ஏமாற்றுவது இந்த இரண்டாவது வகைதான், ஏனென்றால் சொல்லப்பட்ட பொய்யைப் பிடித்துவிடலாம், சொல்லாமல் விட்டதைப் பிடிப்பது கடினம்.

ஒரு செய்தியில் சார்பு இருப்பதை எப்படிக் கண்டுகொள்வது?

பொய் இருக்கிறதா என்று தேடுவதைவிட, எது முதலில் வந்தது, எது எத்தனை முறை வந்தது, எது வரவே இல்லை என்று பாருங்கள். 2001 ஜூன் 30 அதிகாலையில் கருணாநிதி கைது செய்யப்பட்டபோது, போலீசார் அவரைப் பிடித்து இழுப்பதும் அவர் அலறுவதும் அடங்கிய காட்சியைச் சன் டிவி நாள் முழுவதும் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. பின்னர் ஜெயா டிவியில், போலீஸ் எடுத்த இன்னொரு பதிவு காட்டப்பட்டது. அதில் திமுகவின் மத்திய அமைச்சர்கள் போலீசாரோடு மல்லுக்கட்டுவது முன்னால் நின்றது. இரண்டும் அதே இரவில், அதே வீட்டில் பதிவானவை. எங்கே தொடங்கி எங்கே வெட்டினார்கள் என்பதில்தான் வேறுபாடு.

நம் ஊரிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. 2019 மக்களவைத் தேர்தலுக்கு முன் வருமான வரித்துறை காட்பாடியில் துரைமுருகன் வீட்டில் சோதனை நடத்தியது. அடுத்த சில நாட்களில் கட்சிக்காரர் ஒருவரின் சிமென்ட் கிடங்கிலிருந்து 11 கோடி ரூபாய்க்கு மேல் ரொக்கம் எடுக்கப்பட்டது. ஏப்ரல் 16 அன்று, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வேலூர் தொகுதியின் தேர்தலே ரத்து செய்யப்பட்டது. இதைச் செய்தியாக எழுதும்போது ‘கட்டுக்கட்டாகப் பணம்’ என்று தொடங்கலாம். ‘எதிர்க்கட்சி மீது மட்டும் சோதனை’ என்றும் தொடங்கலாம். இரண்டிலும் பொய் இல்லை. முதல் தலைப்பை வைப்பவர் திமுகவின் குற்றச்சாட்டைக் கடைசி வரியில் தள்ளுவார். இரண்டாவதை வைப்பவர் தொகையைக் கடைசி வரியில் தள்ளுவார். அன்று இரண்டு சேனல்களை மாற்றி மாற்றிப் பார்த்த வேலூர்க்காரருக்கு, எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காத ஊடகப் பாடம் கிடைத்திருக்கும். ஆகஸ்ட் 5-இல் நடந்த தேர்தலில் துரைமுருகனின் மகனும் திமுக வேட்பாளருமான கதிர் ஆனந்த் 8,141 வாக்குகளில் ஏ.சி. சண்முகத்தை வென்றார்.

எங்கள் தெருக் கேபிள்காரருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நிறையத் தொடர்பு உண்டு. உரிமை என்றதும் எல்லோரும் சேனலை மட்டும் நினைக்கிறார்கள். அந்தச் சேனலை வீட்டுக்குள் கொண்டுவரும் ஒயரை மறந்துவிடுகிறார்கள். சன் குழுமத்தின் பலம் நிகழ்ச்சியில் மட்டுமல்ல, சுமங்கலி கேபிள் விஷனிலும் இருந்தது. அதற்கு மேல் சன் டைரக்ட், சூரியன் எஃப்.எம்., 2005-இல் வாங்கிய தினகரன், சன் பிக்சர்ஸ் என்று பத்திரிகை முதல் சினிமா வரை ஒரே குழுமம். 2006-இல் ஆட்சிக்கு வந்த திமுக அரசு வீடுவீடாக இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி கொடுத்தபோது, பெட்டியை அரசு கொடுக்கிறது, மாதக் கேபிள் கட்டணம் எங்கே போகிறது என்று எதிர்க்கட்சிகள் கேட்டதில் நியாயம் இருந்தது.

2007 மே 9 அன்று, கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்ற கருத்துக்கணிப்பை தினகரன் வெளியிட்டதைத் தொடர்ந்து அதன் மதுரை அலுவலகம் தாக்கப்பட்டு மூன்று ஊழியர்கள் இறந்தனர். தயாநிதி மாறன் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகினார், செப்டம்பரில் கலைஞர் டிவி வந்தது, அரசு கேபிள் டிவி நிறுவனமும் அதே ஆண்டில் உருவானது. அந்த நிறுவனம் முதலில் கட்டுப்பாட்டு அறை அமைத்த நான்கு ஊர்களில் வேலூரும் ஒன்று. மற்றவை தஞ்சாவூர், கோவை, திருநெல்வேலி. அரசுப் பணத்தில் கருவிகள் வந்து இறங்கின. 2008 டிசம்பரில் கருணாநிதி குடும்பமும் மாறன் குடும்பமும் சமாதானமாயின. அதன் பிறகு அரசு கேபிள் ஏறத்தாழத் தூங்கிப்போனது. 2011 செப்டம்பர் 2-இல் ஜெயலலிதா மாதம் 70 ரூபாய் என்று அதை மீண்டும் எழுப்பியபோது, தொடக்கத்தில் சன் குழுமத்தின் கட்டணச் சேனல்கள் அதில் இல்லை. ஒரு குடும்பத்தின் சண்டையும் சமாதானமும் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டில் எந்தச் சேனல் தெரியும் என்பதைத் தீர்மானித்தது என்று சொன்னால் அது மிகையில்லை.

ஒயர் அரசிடம் இருந்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2018 ஜூனில் கோவையில் நடந்த விவாத நிகழ்ச்சி ஒன்றுக்காகப் புதிய தலைமுறை மீது போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. அதையொட்டி அரசு கேபிளில் அந்தச் சேனல் பின்வரிசை எண்ணுக்குத் தள்ளப்பட்டது. தடை உத்தரவு எதுவும் தேவைப்படவில்லை. ரிமோட்டில் கைப்பழக்கமான எண்ணில் இல்லாத சேனலைப் பாதிப் பேர் தேடவே மாட்டார்கள்.

உள்ளூர்க் கேபிள் சேனல்கள் இதைவிடச் சுதந்திரமானவை அல்லவா?

அப்படித் தோன்றும், ஆனால் குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ ஒரு மாலை முழுவதும் லோக்கல் சேனலைப் பாருங்கள். மேலே பழைய பாட்டு ஓடும். கீழே பட்டையில் நகைக்கடை, பிரியாணிக் கடை, பள்ளிச் சேர்க்கை, கண்ணீர் அஞ்சலி, பூப்புனித நீராட்டு விழா, வார்டு கவுன்சிலருக்குப் பிறந்தநாள் வாழ்த்து. வாழ்த்துக்குப் பணம் கட்டியவரே அந்தத் தெருவில் சாக்கடை அடைத்திருப்பதற்கும் பொறுப்பானவர். சாக்கடை எப்போது திரையில் வரும்?

தமிழ்த் தொலைக்காட்சியில் நல்ல அரசியல் நையாண்டி ஏன் இல்லை?

சிரிக்கத் தெரியாத சமூகம் என்று யாரும் நம்மைச் சொல்ல முடியாது. மேடையிலும் பத்திரிகையிலும் பட்டிமன்றத்திலும் அரசியல் கிண்டலுக்குக் குறைவில்லை. சோ ராமசாமி 1970-இல் தொடங்கிய துக்ளக் அதை வைத்தே நிலைத்தது. தொலைக்காட்சிக்கு வந்ததும் அந்தக் கிண்டல் சினிமாப் பக்கம் திரும்பிவிட்டது. விஜய் டிவியின் லொள்ளு சபா தமிழ்த் தொலைக்காட்சியில் வந்த மிகக் கூர்மையான கிண்டல்களில் ஒன்று. ஆனால் அது கிழித்தது படங்களை, அமைச்சர்களை அல்ல. மிமிக்ரி நிகழ்ச்சிகளில் தலைவர்களின் குரல் வரும், நடை வரும், தோள் துண்டு வரும். அவர்கள் செய்த காரியம் மட்டும் வராது. குரலை நகலெடுப்பது பாராட்டுக்கு நெருங்கிய உறவு. தலைவர்களே அதை முன்வரிசையில் உட்கார்ந்து ரசிப்பதிலிருந்து அது எவ்வளவு ஆபத்தில்லாதது என்று தெரிந்துகொள்ளலாம்.

எல்லை எங்கே இருக்கிறது என்பதைக் குழந்தைகள்தான் தெரியாமல் தொட்டுக் காட்டினார்கள். 2022 ஜனவரி 15 அன்று ஜீ தமிழின் ஜூனியர் சூப்பர் ஸ்டார்ஸ் நிகழ்ச்சியில் இரண்டு சிறுவர்கள் அரசராகவும் அமைச்சராகவும் வேடமிட்டு, நாணயத்தைச் செல்லாததாக்கிய அரசரின் கதையை நடித்தார்கள். வெளிநாட்டுப் பயணம், உடை என்று வரிசையாகக் கிண்டல் வந்தது. யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்லாமலே அரங்கம் சிரித்தது, நடுவர்களும் சிரித்தார்கள். தமிழகப் பாஜக புகார் கொடுத்தது, மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஏழு நாளுக்குள் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது, காட்சி நீக்கப்பட்டது. இதில் யாருக்கும் தண்டனை இல்லை என்பது உண்மை. ஆனால் அடுத்த வாரம் எழுத்தாளர்கள் கூடி உட்காரும்போது, அந்த நோட்டீஸும் அவர்களோடு அறைக்குள் உட்கார்ந்திருக்கும்.

வடக்கேயும் இதே கதைதான். பிரதமரைப் போலப் பேசுவதில் பெயர்பெற்ற ஷியாம் ரங்கீலா, 2017-இல் ஸ்டார் பிளஸ் நகைச்சுவைப் போட்டியில் செய்த நிகழ்ச்சி ஒளிபரப்பாகவே இல்லை.

எதிர்க்கட்சித் தலைவரைக் கிண்டல் செய்யும் நிகழ்ச்சிகள் வருகின்றனவே, அவை நையாண்டி இல்லையா?

என் அளவுகோல் எளிமையானது. ஒரு நிகழ்ச்சி, தனக்குச் சம்பளம் கொடுப்பவரையும் அவருடைய கூட்டாளிகளையும் எப்போதாவது தொட்டிருக்கிறதா? தொட்டிருந்தால் அது நையாண்டி. எதிர் அணியை மட்டுமே அடித்தால், எவ்வளவு சிரிப்பு வந்தாலும் அது தேர்தல் பிரச்சாரத்தின் இன்னொரு வடிவம்.

2018 தீபாவளிக்குச் சன் பிக்சர்ஸ் வெளியிட்ட படத்தில் அரசின் இலவசப் பொருள்களைத் தீயில் எறியும் காட்சி வந்தது. அதிமுகவினர் திரையரங்குகளின் முன் போராடினார்கள், காட்சி வெட்டப்பட்டது. ஆளும் கட்சியின் மிரட்டலுக்கு ஒரு படைப்பு பணிந்தது தவறுதான். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் திமுக கொடுத்த இலவசத் தொலைக்காட்சிப் பெட்டி ஏன் அந்தத் தீயில் விழவில்லை என்று அப்போதே எழுந்த கேள்வியும் சரியான கேள்விதான்.

பணம் கொடுப்பவரையே கிண்டல் செய்ய முடியுமா? அது நடக்கிற காரியமா?

வட ஆற்காட்டுக்காரர்கள் இதைக் கேட்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. செய்யாறு, ஆரணிப் பக்கத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும்போது அதன் கோமாளியான கட்டியங்காரன் என்ன செய்கிறான்? துரியோதனன் கிரீடமும் புஜகீர்த்தியும் மின்ன, திரைக்குப் பின்னாலிருந்து வந்து தன் பெருமையை விருத்தமாகப் பாடுவான். பக்கத்தில் நிற்கும் கட்டியங்காரன், ‘இவ்வளவு பெரிய ராஜாவா, எங்க ஊரு ரேஷன் கடையிலே பருப்பு ஏன் போடலேன்னு கேட்டுச் சொல்லுங்க’ என்பான். முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஊராட்சித் தலைவர் உட்கார்ந்திருப்பார். ஊரே அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். அவரும் சிரித்தாக வேண்டும்.

கட்டியங்காரனின் துணிச்சலைவிட, கூத்துக்கான பணம் வந்த வழிதான் இதற்குக் காரணம். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வீடுவீடாகப் பிரித்த பணத்தில் ஆட்டம் நடக்கிறது. தலைவர் கோபித்துக்கொண்டு தன் பங்கைத் திரும்பக் கேட்டாலும் ஆட்டம் நிற்காது. அதே கூத்தை ஒரே ஒரு வேட்பாளர் தன் செலவில் வைத்தால், அன்றைக்குக் கட்டியங்காரன் எதைப் பேசமாட்டான் என்று ஊருக்கே தெரியும். புரிசை போன்ற ஊர்களில் தலைமுறையாகக் கூத்தாடும் குடும்பங்களிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

தொலைக்காட்சியில் அப்படிப் பிரித்த பணம் கிடையாது. நாம் கட்டும் பேக் கட்டணம் போக, சேனலுக்குப் பெரிய வருவாய் விளம்பரத்திலிருந்து வருகிறது. மாநில அரசும் மத்திய அரசும் கூட விளம்பரதாரர்கள்தான்.

அமெரிக்காவில் அதிபரையே கிண்டல் செய்கிறார்களே?

செய்கிறார்கள், அதற்கான விலை அண்மையில் ஏறியிருக்கிறது. 2025 ஜூலையில், டிரம்ப் தொடர்ந்த வழக்கை முடிக்க சிபிஎஸ் தொலைக்காட்சியின் தாய் நிறுவனமான பாரமவுண்ட் 1.6 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. சிபிஎஸ்ஸில் இரவு நையாண்டி நிகழ்ச்சி நடத்திவந்த ஸ்டீபன் கோல்பேர் தன் நிகழ்ச்சியிலேயே அதைக் கண்டித்தார். சில நாட்களில், அந்த நிகழ்ச்சி 2026 மே மாதத்தோடு முடியும் என்று நிறுவனம் அறிவித்தது. காரணம் நிதி நிலை மட்டுமே என்றது. பாரமவுண்டை வேறொரு நிறுவனத்துடன் இணைப்பதற்கான அரசு அனுமதி அந்த மாத இறுதியில் கிடைத்தது. செப்டம்பரில் டிஸ்னியின் ஏபிசி, ஜிம்மி கிம்மலின் நிகழ்ச்சியை நிறுத்திவைத்தது. ஒளிபரப்பு ஆணையத் தலைவர் வெளிப்படையாக எச்சரித்த பிறகு நடந்தது அது. ஒரு வாரத்துக்குள் நிகழ்ச்சி திரும்பி வந்தது. வேறுபாடு என்னவென்றால், அங்கே முதலாளியை அவர் சேனலிலேயே திட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இங்கே திட்ட நினைப்பவர் திட்டுவதற்கு முன்பே வீட்டில்தான் இருப்பார்.

சட்டம் நையாண்டியைப் பாதுகாக்கிறதா?

நீதிமன்றம் பாதுகாக்கிறது, விதிகள் தயங்குகின்றன. கேபிள் தொலைக்காட்சி விதிகளின் நிகழ்ச்சி நெறிமுறை, தனிநபரை இழிவுபடுத்துவதையும் அரைகுறை உண்மையையும் மறைமுகக் குத்தலையும் தடுக்கிறது. மறைமுகக் குத்தல் இல்லாமல் நையாண்டி எப்படி எழுதுவது என்று அந்த விதியை எழுதியவர்தான் சொல்ல வேண்டும். இன்னொரு பக்கம், நக்கீரன் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம், அவதூறு என்று அஞ்சி அதிகாரிகள் ஒரு வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க முடியாது என்றது. 2019-இல் வங்காளத்து அரசியல் நையாண்டிப் படம் ஒன்றைத் திரையரங்குகளிலிருந்து எடுக்கவைத்த மாநில அரசு, 20 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் குற்றவியல் அவதூறுச் சட்டம் செல்லும் என்று 2016-இல் அதே நீதிமன்றம் சொன்னது. 2011 முதல் 2016 வரை தமிழக அரசு 200-க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகளைத் தொடர்ந்திருந்தது. வழக்கில் தோற்றாலும் அரசுக்கு நட்டமில்லை. வாய்தா வாய்தாவாக நீதிமன்றத்துக்கு அலைவது பத்திரிகையாளர்தான்.

1987-இல் அட்டைப்பட நகைச்சுவை ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு வலுத்ததால் சில நாளில் விடுதலையானார். பிறகு நீதிமன்றத்துக்குப் போய், 1,000 ரூபாய் இழப்பீடும் பெற்றார்.

யூடியூபிலும் இணையத்திலும் இந்தக் கட்டுப்பாடு இல்லையே?

முதலாளி இல்லை, பூட்டு இருக்கிறது. 2025 பிப்ரவரியில், அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் விலங்கிட்டு அனுப்பப்பட்டதையொட்டி, டிரம்பின் அருகில் பிரதமர் விலங்குடன் இருப்பது போன்ற கேலிச்சித்திரத்தை விகடன் பிளஸ் வெளியிட்டது. சில நாளில் விகடன் இணையதளமே முடங்கியது. ஒரு படத்துக்காக, நூறாண்டை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்தின் முழுத் தளமும் மூடப்பட்டது. மார்ச் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டுத் தளத்தைத் திறக்கச் சொன்னது.

கட்சிகள் சேனல் நடத்துவதைத் தடைசெய்ய முடியாதா?

செய்யலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2008-இலும் 2014-இலும் பரிந்துரைத்தது. கட்சிகள், மத அமைப்புகள், அரசுகள் ஆகியவை ஒளிபரப்புத் தொழிலில் இருக்கக்கூடாது, பத்திரிகையும் தொலைக்காட்சியும் ஒரே கையில் குவியக்கூடாது என்பது அதன் சாரம். எந்த அரசும் அதைச் சட்டமாக்கவில்லை. தன் சேனலைத் தானே மூடும் சட்டத்துக்கு எந்தக் கட்சி கையைத் தூக்கும்?

நடுநிலையான சேனல் எது?

இல்லை. இரண்டு எதிர் அணிச் சேனல்களையும் ஒரு நாளிதழையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒரு நிகழ்ச்சி பற்றிப் புகார் இருந்தால் எங்கே போவது?

2021-இல் வந்த விதிகளின்படி, முதலில் சேனலுக்கே எழுத வேண்டும். அது 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் சேனல்களின் சுய ஒழுங்கமைப்புக்கும், அதற்கு மேல் மத்திய அமைச்சகத்துக்கும் போகலாம். தேர்தல் காலத்தில் அரசியல் விளம்பரம், பணம் வாங்கிப் போட்ட செய்தி ஆகியவை பற்றி மாவட்ட அளவிலான ஊடகச் சான்றளிப்புக் கண்காணிப்புக் குழுவிடம் சொல்லலாம். கேபிள் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரும் அதிகாரம் பெற்றவர். நெறிமுறையை மீறும் நிகழ்ச்சியை நிறுத்தும்படி அவர் உத்தரவிட முடியும். நாளும் நேரமும் நிகழ்ச்சியின் பெயரும் குறிப்பிட்டு எழுதுங்கள், முடிந்தால் பதிவையும் இணையுங்கள். ஒன்று மட்டும் கவனத்தில் இருக்கட்டும்: ஒரு கிண்டல் உங்கள் கட்சியைச் சுட்டது என்பதற்காக இந்தப் படிகளில் ஏறினால், அடுத்த தேர்தலுக்குப் பிறகு எதிர் அணிக்காரரும் அதே படிகளில் ஏறி வருவார்.